கடைசியாகத் தொட்டது யார்

நவ. 18, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கைப்பிள்ளை ஜோயலின் துணி எதுவும் காயவில்லை. அவனுக்கு மூக்கு ஒழுகுகிறது, காய்ச்சல் இல்லை (நாலு தடவை தொட்டுப் பார்த்தாயிற்று).

நடுவர் குழு சாரிடமிருந்து போன். பிரசவத்துக்குப் பிறகு இதுவரை மேசையில் ஸ்கோர் எழுதத்தான் கூப்பிட்டார்கள். வியாழக்கிழமை கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அரையிறுதி, விசிலோடு களத்தில். ஒழுங்காகச் செய்தால் சனிக்கிழமை இறுதி ஆட்டமும் எனக்கு. சொதப்பினால் திரும்ப மேசைதான். சார் அப்படிச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

சாயங்காலம் பேக் கோர்ட் விதியைப் புரட்டினேன் (‘பேக்கு’ ஊதினால் பந்து எதிரணிக்கு). ஜோயலின் ரப்பர் பந்து. அடுப்படி வாசற்படிதான் நடுக்கோடு; கூடம் முன்பாதி, அடுப்படி பின்பாதி. வீட்டுக்காரர் செல்வினுக்குச் சந்தேகம்.

“கோட்டத் தாண்டி முன்பாதிக்குப் போன பந்து திரும்பப் பின்னால வந்துட்டா பேக்குதானட்டி?”

“வந்தா மட்டும் பத்தாதுங்க. முன்னால கடைசியாத் தொட்டதும் அவங்க ஆளு, பின்னால முதல்ல தொட்டதும் அவங்க ஆளுன்னாத்தான். நடுவுல எதிராளி விரல் பட்டுட்டா பேக் இல்ல. பின்பாதியத் தாண்ட அவங்களுக்கு எட்டு செகண்டு, அதப் புதுசா எண்ணணும்.”

“விரல் பட்டத எவன் பாப்பான்?”

“நான் பாப்பேன்.”

சொல்லிவிட்டேன். அப்புறம் விதியை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

நவ. 19, புதன்

விசில் 2. கறுப்பு ஷூ (இடது வாய் பிளந்திருக்கிறது, பசை). பழைய பேன்ட் இடுப்பில் ஏறவில்லை, ஊக்கு. ஜோ.வுக்குப் புட்டி, தொப்பி, மாற்றுத்துணி. செல்வின் லீவு சொல்லியாச்சு.

நவ. 20, வியாழன்

மழை இல்லை. தரையைச் சாக்குப் போட்டுத் துடைத்துத்தான் ஆரம்பித்தோம்.

கடைசிக் கட்டம், சம புள்ளி. வெள்ளைச் சட்டைப் பெண் பந்தை முன்பாதிக்குக் கொண்டுவந்து தோழிக்கு எறிந்தாள். பச்சைச் சட்டை ஒருத்தி பாய்ந்தாள். அதே நொடி பார்வையாளர் பக்கமிருந்து ஜோயல் அலறல். என் பிள்ளைக் குரல். பால் சுரந்து மார்பு கனத்தது. நான் திரும்பவில்லை. பச்சைச் சட்டையின் விரல் நுனி உரசி, பந்தின் சுழற்சி மாறியது. உருண்டு பின்பாதிக்குப் போனதை வெள்ளை எடுத்தாள்.

ஊதவில்லை. கையை வீசி எண்ண ஆரம்பித்தேன்.

“பேக்கு! பேக்கு!”

“ஏ யக்கா, விசில முழுங்கிட்டியளா?”

பச்சை அணிக் கோச் குதிக்கிறார்: “ஊருக்கே தெரியுது, உங்களுக்குத் தெரியலயா மேடம்?”

ஆட்டம் நின்றதும் சார் பக்கத்தில் வந்தார். “தொட்டாளாம்மா?”

“தொட்டா சார்.”

“நிச்சயமா?”

“நிச்சயம்.”

போய்விட்டார். வெள்ளை ஜெயித்தது.

முடிந்தபின் தண்ணீர்க் குழாயடியில் சார்: “எல்லாவளும் கத்துதாளுவ. அந்தப் பாய்ஞ்ச பிள்ள மட்டும் கத்தாம அது விரலப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. கவனிச்சியா?”

இல்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

“சனிக்கிழம வெள்ளனே வந்துரு.”

ஜோயல் அழுதது காக்காயைப் பார்த்தாம். “பெத்த தாயி திரும்பியே பாக்கல” என்று செல்வின் வழியெல்லாம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார், பஸ் கண்டக்டர் உட்பட. குறையாகச் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. எனக்குத்தான் உறுத்தல். அடிபட்டு அழுதிருந்தால்?

ஆனால் திரும்பியிருந்தால் அந்த விரல் கண்ணில் படாமல் போயிருக்கும். பெருமையாகத்தான் இருக்கிறது. இங்கே எழுதிக்கொள்ளலாம்.

நவ. 21, வெள்ளி

மூக்கு தேவலை. ஷூ பசை பிடித்துவிட்டது.

நானும் ஜோயலும் ஒரு அணி, செல்வின் எதிரணி. கூடத்தில் ஜோயலுக்குப் பந்தை உருட்டினேன். செல்வின் குறுக்கே கை நீட்டினார். பந்து விலகி வாசற்படி தாண்டி அடுப்படிக்குள் ஓடியது. ஜோயல் தவழ்ந்துபோய் அமுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“பேக்கு! பேக்கு!” இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு செல்வின்.

விசிலைத் தொடவில்லை. கையை வீசி எண்ண ஆரம்பித்தேன். மூன்று எண்ணுவதற்குள் செல்வின் கையை இறக்கி, தன் சுண்டுவிரலைப் பார்த்தார்.