தெற்கு வீதியின் அந்தப் பக்கம்

கடலூர்,
2-2-1966

அன்புள்ள மச்சான் பஞ்சநாதனுக்கு,

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், இன்று காலை முழுவதும் வலைவீசித் தேடப்பட்ட தாண்டவராயனின் இடது செருப்பு நண்பகலில் கண்டெடுக்கப்பட்டது. கண்டெடுத்த இடம்: மேற்படியாரின் இடது கால். கண்டெடுத்தவர்: நர்சம்மா மங்கலம்.

வார்டே சிரித்தது. அம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அசந்த நேரத்தில் நர்சம்மாவே மாட்டிவிட்டிருப்பார். ஊரையே ஏமாற்றுகிறவனிடம் விளையாட்டு!

என் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். விடிந்ததும் எக்சர்சைஸ் கொடுக்கிற தேவசகாயம் சார் வந்துவிடுவார். இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே நடக்க வேண்டும். பிறகு உத்தரத்தில் தொங்கும் கயிற்றை இழுக்க வேண்டும். அப்புறம் இடது கையால் புளியங்கொட்டை பொறுக்கிக் கிண்ணத்தில் போட வேண்டும். சாப்பாடு. மறுபடியும் கழி, கயிறு, கொட்டை. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே கூச்சல்: “டேய், இடப்பக்கம் பாருடா! அந்தப் பக்கமும் ஒலகம் இருக்குடா!” இருந்துவிட்டுப் போகட்டுமே. நான் வேண்டாம் என்றா சொன்னேன்? உங்கள் ஊர் நடராசர் இடது காலைத் தூக்கினபடியே நிற்கிறார், கும்பிடுகிறார்கள். அதே காலைத் தாண்டவராயன் தூக்கக் கொஞ்சம் தாமதமானால் திட்டுகிறார்கள்.

பக்கத்துக் கட்டில் பொன்னுரங்கம் சரியான திருடன். அம்மா தட்டில் வைக்கிற இரண்டு வடையில் ஒன்று தினமும் மாயமாகிறது. நேற்று அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

நீ இன்னும் தீபாவளி லீவையே நினைத்து அழுகிறாயாம், மாமா சொன்னார். நிறுத்துடா. நீ சைக்கிள் மிதித்தாய். கேரியரில் ஏறி நின்று புவனகிரிப் பாலம் முழுக்க வணக்கம் போட்டவன் நான். மண்டைதான் உடைந்தது. மூளை பத்திரம்.

இப்போது காரியம். பிரின்சிபாலைப் பார்த்து, நான் பரீட்சை எழுதலாமா என்று கேள். இந்த வருஷம் போனால் படிப்பை நிறுத்திக் கட்டுமரத்தில் ஏற்றிவிடுவேன் என்கிறார் அப்பா. நான் இப்போது வராந்தாவில் கோடிக்குக் கோடி தனியாக நடக்கிறேன் என்றும் சொல்.

வடை பறிகொடுத்த,
தாண்டவன்


சிதம்பரம்,
6-2-1966

அன்புள்ள தாண்டவனுக்கு,

செருப்புக் கதையைப் படித்துச் சிரித்தேன். ராத்திரி படுத்த பிறகு அதையே நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

ஏன்டா இன்லண்டு லெட்டரில் பாதியை வீணடிக்கிறாய்? வலது பாதியில் எறும்பு மாதிரி நெருக்கி எழுதியிருக்கிறாய். இடது பாதி வெள்ளையாகக் கிடக்கிறது. ரூமில் எல்லாரும் கேட்டார்கள்.

பிரின்சிபாலைப் பார்த்தேன். “பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள்ள பையன் நேர்ல வரணும். பழசெல்லாம் ஞாபகம் இருக்குதான்னு நான் பாக்கணும்” என்றார். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாதாம்.

டாக்டர் விடுவாரா? அத்தை என்ன சொல்கிறாள்? அவர்களைக் கேட்காமல் எதுவும் செய்துவிடாதே. பிரேக்கைப் பிடித்த என் கை இன்னும் அந்தப் பாலத்திலேயே இருக்கிறது.

நாம் தினமும் இட்லி தின்கிற கடை மங்கம்மா அக்கா, “தாண்டவன் எப்ப வருவான்? அவன் கிண்டல் இல்லாம கடையே செத்துக் கெடக்கு” என்கிறார்.

உன் உடம்பையே நினைத்துக்கொண்டிருக்கும்,
பஞ்சநாதன்


கடலூர்,
9-2-1966

மச்சான்,

உன் கடிதத்தில் வரிகளெல்லாம் நடுவிலிருந்து பிறக்கின்றன. தலையில்லாத முண்டங்கள். குத்துமதிப்பாகப் படித்துக்கொண்டேன். என் காகிதத்தைக் குறை சொல்கிறவன் உன் கையெழுத்துக்கு முதலில் வைத்தியம் பார். பாதி காகிதமாவது வெள்ளையாவது! விளிம்பு வரை நிரப்பித்தான் அனுப்புகிறேன்.

ஞாபகத்தையா சோதிக்க வேண்டும்? கேட்டுக்கொள். பஸ்ஸை விட்டு இறங்கிக் கீழ வீதி முனையில் திரும்பித் தெற்கு வீதிக்குள் நுழைகிறேன். முதலில் தையற்கடை, வாசலில் காலில்லாத பொம்மை. அடுத்து வெற்றிலைக் கடை, அதற்கடுத்து ரேடியோ ரிப்பேர்க் கடை. அப்புறம் அய்யனார் சோடாக் கடை, கோலிக்குண்டு திருடினோமே, அது. பித்தளைப் பாத்திரக் கடை. சந்து. சைக்கிள் கடை. நம் ரூம். ஒன்று விட்டேனா? பிரின்சிபால் சொல்வாரா இத்தனையும்?

டாக்டர் விடமாட்டார், கேட்டாயிற்று. ஆகவே திட்டம். வெள்ளிக்கிழமை காலையில் அம்மா மீன் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போய்விடுவாள். தேவசகாயம் சார் அந்த நேரம் பெண்கள் வார்டில் இருப்பார். நான் பின்பக்கக் கேட்டு வழியாக வெளியே வந்து, சாலையைக் கடந்து பஸ் பிடிப்பேன். நீ சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நில். போதும். உன் அத்தையிடம் ஊதினால் உனக்கும் எனக்கும் பேச்சு கிடையாது.

வெள்ளிக்கிழமை வீரன்,
தாண்டவராயன்


சிதம்பரம்,
14-2-1966

தாண்டவா,

இந்தக் கடிதத்தை வலது பாதியில் மட்டும் எழுதுகிறேன். இப்போது வரிகளுக்குத் தலை முளைத்திருக்கிறதா?

நீ எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கீழ வீதி முனையிலிருந்து ஒவ்வொரு கடையாகப் பார்த்தபடி நடந்தேன். ஒன்றும் தப்பில்லை. பொம்மைக்குக் கால் இல்லாததுகூடச் சரி. ரூம் வாசலுக்கு வந்ததும் திரும்பி எதிர்ச்சாரியைப் பார்த்தேன். நீ சொன்ன கடைகளெல்லாம் வலது கைப்பக்கம். இடது கைப்பக்கத்தில் ஒரு கடைகூட உன் கடிதத்தில் இல்லை.

மங்கம்மா அக்கா கடை எங்கேடா? தினமும் காலையில் போய் உட்கார்ந்த கடை. போன கடிதத்தில் நானே அவர் பேரை எழுதியிருந்தேனே.

விளையாடுகிறாய் என்றால் சொல்லிவிடு, உதைக்கிறேன். விளையாட்டு இல்லையென்றால் ஒன்று செய். கண்ணை மூடிக்கொண்டு திரும்பி நட. ரூமிலிருந்து புறப்பட்டுக் கீழ வீதிக்குப் போ. என்ன கடை வருகிறது, பார்.

சாலையைப் பாதி கடந்த பிறகு வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்றும் யோசி.

வெள்ளிக்கிழமை நான் பஸ் ஸ்டாண்டுக்கு வரமாட்டேன். பேசாவிட்டால் போ. இன்னொரு தரம் உன்னைத் தார்ச்சாலையிலிருந்து தூக்க என்னால் முடியாது.

பஞ்சநாதன்


கடலூர்,
19-2-1966

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. படித்ததும் ஆத்திரம். உன்னைப் பொய்யனாக்குவதற்காகவே கண்ணை மூடி ரூமிலிருந்து புறப்பட்டேன். எடுத்த எடுப்பில் முடிவெட்டும் கடை. அடுத்து நோட்டுப் புத்தகக் கடை. அப்புறம் மங்கம்மா அக்கா, கரண்டியோடு, “எங்கடா போயிருந்த?” என்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்படியே அய்யனார் சோடாக் கடையைத் தேடினேன். காணோம். தையற்கடை பொம்மையையும் காணோம். எல்லாம் வலது கைப்பக்கம்தான், எப்படிப் போனாலும்.

பயந்தேன். ஆனாலும் வெள்ளிக்கிழமை கிளம்பினேன். கட்டுமர பயம் அதைவிடப் பெரிசு.

கேட்டு வரைக்கும் பிடித்துக்கொள்ளச் சுவர் இருந்தது. சாலைக்குச் சுவர் கிடையாது. வலது பக்கம் வந்த மாட்டுவண்டியைப் போகவிட்டேன். சாலை காலி. இறங்கினேன். நடுச்சாலையில் எங்கேயோ ஹாரன் கேட்டது, யாருக்கோ அடிக்கிறான் என்று இருந்தேன். அப்போதுதான் உன் கேள்வி ஞாபகம் வந்தது. மங்கம்மா அக்கா கடையைத் தேடுகிற மாதிரி கழுத்தை இழுத்து, இழுத்து, இன்னும் இழுத்துத் திருப்பினேன். ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து ஒரு பஸ் முளைத்தது மச்சான். கை நீட்டினால் தொட்டுவிடலாம். டிரைவர் கத்துகிறார்: “சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதாடா?” பஸ்ஸின் நெற்றியில் ‘சிதம்பரம்’ என்று போட்டிருந்தது. நான் ஏற வேண்டிய பஸ்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தேவசகாயம் சார் ஓடிவந்து தூக்கினார். கையைப் பிடித்து வார்டு வரைக்கும் நடத்திப் போனார்.

சாயங்காலம் அப்பா வந்தார். வருஷம் போனதைச் சொன்னேன். கட்டுமரம் என்றுதான் வாயெடுப்பார் என்று குனிந்துகொண்டேன். என் இடது தோளைப் பார்த்தார். “ஒரு பக்கம் அலை வர்றதே தெரியாதவன எந்தக் கடல்ல எறக்குறது? அடுத்த வருசமும் படிச்சுத் தொல” என்றார். வெளியே போய் மூக்கைச் சிந்தினார்.

இனிச் சில திருத்தங்கள். பொன்னுரங்கம் ஒரு வடையும் திருடவில்லை. நேற்று அம்மா தட்டை இடவலமாகச் சுழற்றி வைத்தாள், வடை தானாக வந்தது. எனக்கே தெரியாமல் தினமும் நான் பாதித் தட்டைத்தான் தின்றிருக்கிறேன். அவரிடம் இரண்டு வடையோடு போய் நின்றேன். “ஒண்ண நீ தின்னு, ஆனா இடப்பக்கமா வச்சித் தின்னு” என்கிறார். செருப்பை நர்சம்மா மாட்டவில்லை. வராந்தாவில் தனியாக நடந்ததும் கிடையாது. என் ஒரு கை சுவரில் இருக்கும், என் வேட்டி மடிப்பு அம்மா கையில் இருக்கும்.

சார் இந்தக் காகிதத்தின் இடது ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு வரிக்கும் அந்தக் கோட்டைத் தேடிப் பிடித்து அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும். வேர்த்துவிட்டது. ஆனால் பிடித்துவிட்டேன்! முழுக் காகிதமும் எழுதிய முதல் கடிதம் இது, சட்டம் போட்டு மாட்டு என்று பெருமையாக முடிக்க இருந்தேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். கோடு அங்கே தள்ளி இருக்கிறதாம். நான் பிடித்தது பாதி தூரம்கூட இல்லையாம்.

மீதி இடத்தை நீ வந்து காட்டு.

உன்,
தாண்டவன்