அப்பாவின் கையில் ஒரு பிழையும் இல்லை

லா சப்பல், பாரிஸ்
14 பெப்ரவரி 1987, சனிக்கிழமை

அன்புள்ள மகள் பேர்ளிக்கு,

இங்கு அப்பாவும் நானும் சுகம். மூன்று மாதமாக இந்தச் சொல்லை வழக்கத்துக்காக எழுதிவந்தேன், இன்றைக்குத்தான் உண்மையாக எழுதுகிறேன். நீயும் வின்சன்ற் மருமகனும் மொன்றியலின் பனிக்குள் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தான் நம்பாத ஒன்றை ஒருத்தி ஏன் செய்கிறாள், அதுவும் ஒருவருக்கும் சொல்லாமல்? பின்னேரம் எபினேயிலிருந்து திரும்பியதிலிருந்து இந்தக் கேள்வியோடு இருக்கிறேன், பதில் தெரியவில்லை, கடிதம் முடிவதற்குள் தெரியவரும் என்றும் தோன்றவில்லை. நான் என்ன செய்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன், முதலில் நீ கேட்டதற்கு வருகிறேன்.

புதுவருடத்துக்கு அப்பா எழுதிய கடிதத்தில் எழுத்து ஏன் முதலாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்துப்போலக் கோணலாக இருந்தது என்று கேட்டிருந்தாய். குளிரில் விரல் விறைத்துவிட்டது என்று பதில் போட்டேன். அது பொய். அவர் அதை இடக்கையால் எழுதினார். நவம்பரில் மோட்டார் சைக்கிளில் விழுந்து முழங்கால் உரசியது என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். விடியப்புறம் றுவாசி விமான நிலையத்துக்கு வேலைக்குப் போகும்போது லு பூர்ஜே சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்திருக்கிறது, வேகத்தைக் குறைக்க வலது கைபிடியைத் திருப்பி மூடியிருக்கிறார், வண்டி குறையாமல் பாய்ந்தது, பிறேக்கை இறுக்கி அமத்தியதில் சறுக்கி விழுந்தார். எழும்பி நின்று இயக்கிப் பார்த்தால் எஞ்சின் ஒழுங்காக வேலை செய்தது. பிறகு எத்தனை தரம் இயக்கிப் பார்த்தும் ஒரு குறையும் காணவில்லை. வண்டியில் பிழை இல்லையென்றால் பிழை எங்கே? மூடினேன் என்று தான் நினைத்ததும் கை மூடாமல் விட்டதுமாக இருக்கவேண்டும் என்று அவர் தனக்குள்ளே முடிவு கட்டிவிட்டார். உன் அப்பப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தபோது வயது ஐம்பத்திரண்டு, முதலில் போனது வலது கை. அப்பாவுக்கு இந்த வருடம் ஐம்பத்திரண்டு. வைத்தியரிடம் முழங்காலை மட்டும் காட்டிவிட்டு வந்தார், கையைப் பற்றிச் சொன்னால் வேலையும் போய்விடும் என்ற பயம். நத்தார்ப் பண்டிகைக்கு முதல் நாள் நான் வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் எனக்கே சொன்னார், பிள்ளைக்கு எழுதாதே என்றும் சொன்னார். அன்றிலிருந்து கோப்பையைப் பிடிப்பதும் கதவைத் திறப்பதும் இடக்கையால்தான். கந்தோரில் வேலை முடிந்து நான் வரும்போது மேசையில் தாள் விரித்து இடக்கையால் தன் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருப்பார். நான் கண்டும் காணாததுபோலக் கடந்துபோவேன்.

மேற்பார்வையாளர் நல்ல மனிதர், பெப்ரவரி முடியும்வரை பகல் வேலை கொடுத்தார். மார்ச் இரண்டாம் திகதியிலிருந்து பழையபடி காலை நாலரைக்கு நிற்கவேண்டும், அந்த நேரத்துக்கு ரயில் இல்லை. மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு வேலையையும் விட்டுவிடுகிறேன் என்று அப்பா எபினேயில் இருக்கும் மகாலிங்கத்திடம் போய்ச் சொன்னார். மகாலிங்கம் அப்பாவோடு முதல் வருடம் ஒரே அறையில் இருந்தவர், கார் திருத்தும் இடத்தில் வேலை, வீட்டோடு சின்னக் கராஜ் ஒன்றும் வைத்திருக்கிறார். பனிக்காலத்தில் இதைக் கேட்டு ஒரு நாயும் வராது அண்ணை, அதுவரைக்கும் கழட்டிப் பூட்டி நல்லதாக்குவம், மார்ச்சிலை விக்கிறதோ ஓடுறதோ எண்டு பாப்பம் என்றார். அவருக்குக் கையின் கதை தெரியாது. எனக்கு அது பிடித்துக்கொண்டது, விற்கும் நாளைத் தள்ளிப்போடலாம் அல்லவா. அன்றைக்கே ஒரு கொப்பியில் செய்யவேண்டியவற்றை எழுதினேன். முன் சக்கரத்துக்குப் புது ரயர், பிறேக் கட்டைகள், சங்கிலியும் பற்சக்கரங்களும், காற்றைத் தடுக்க ஒரு முன்கண்ணாடி, கைபிடிகளுக்கு மேல் மாட்டும் தோல் உறை, இன்னும் வெளிச்சமான விளக்கு. பற்றறி குளிரில் செத்துவிடாமல் இருக்க வீட்டுக்குக் கொண்டுவந்தோம், ஒரு மாதமாக அது குசினியில் அரிசி வாளிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சனிக்கிழமைதோறும் எபினே போவோம். திருத்தும் புத்தகம் பிரெஞ்சில் இருப்பதால் நான் ஒரு கதிரையில் இருந்து வாசித்துத் தமிழில் சொல்வேன், மகாலிங்கம் செய்வார், அப்பா சாவிகளை எடுத்துக் கொடுப்பார், இடக்கையால். ரீச்சர் வாசிக்கேக்கை எனக்கு ஓலெவல் சோதினைக்கு இருக்கிறமாதிரிக் கிடக்கு, பெயிலாக்கிப் போடாதேங்கோ என்று மகாலிங்கம் பகிடி பண்ணுவார். ரயர், பிறேக், சங்கிலி எல்லாம் ஜனவரியில் முடிந்தன. எஞ்சின் நன்றாக ஓடுவதால் அந்தப் பக்கத்தைக் கடைசிக்கு விட்டிருந்தோம். இன்றைக்குத்தான் அந்த அத்தியாயத்தைத் திறந்தேன். பக்க மூடியைக் கழற்றவும், உள்ளே இருக்கும் கறுப்புப் பெட்டியின் கொளுவியைத் தூக்கிக் காற்று வடிகட்டியைப் பார்க்கவும் என்று வாசித்தேன். வாசித்த உடனே விரலை அந்த வரியிலேயே வைத்து நிறுத்திக்கொண்டேன், பேர்ளி, ஏனென்றால் அந்தப் பெட்டியை எனக்குத் தெரியும்.

போன ஆவணியில் அற்புதமலர் மாமி மன்னாரிலிருந்து வந்த ஒருவரிடம் மடு மாதா கோயில் மண் கொடுத்துவிட்டிருந்தாள். பாம்பு கடிக்காமல் இருக்க அங்கே வீடுகளில் வைப்பார்களே, அந்த மண்தான். லா சப்பலில் பாம்பு இல்லை என்று சிரித்துவிட்டு அலுமாரியில் போட்டேன். அப்பா விடியப்புற வேலைக்கு முதன்முதலாகப் போக இருந்தபோது, அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து, என் பழைய நீலச் சீலையில் ஒரு துண்டு வெட்டி அந்த மண்ணைப் பொட்டலமாகத் தைத்து, கீழே போய் வண்டியில் வைக்க ஓர் இடம் தேடினேன். இருக்கைக்குக் கீழே ஒரு மூடி, அதற்குள் ஒரு கறுப்புப் பெட்டி, அதற்குள் பஞ்சுபோல ஒன்று, அதன் பின்னால் வெறும் இடம். சாமான் குலுங்காமல் இருக்கப் பஞ்சு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். காற்று இல்லாமல் எதுவும் எரியாது என்று பதினாறு வருடம் கரும்பலகையில் எழுதியவள், எஞ்சின் மூச்சு விடுகிற இடத்தில் மண்ணைக் கொண்டுபோய் வைத்தேன்.

மகாலிங்கம் விரலை விட்டு நைந்துபோன நீலச் சீலையை இழுத்து எடுத்தார். பொட்டலம் பாதி காலி. தங்கச்சி மன்னாரிலிருந்து அனுப்பின மடு மண் என்று மட்டும் அப்பா சொன்னார். பிறகு மகாலிங்கம் காற்றும் பெற்றோலும் கலக்கும் காபுரேற்றரைக் கழற்றினார். கைபிடியைத் திருகினால் அதற்குள் ஒரு சின்ன உருளை மேலே போகும், விட்டால் கீழே இறங்கி எஞ்சினை அடக்கும். அதைச் சுற்றி மாப்போல மண். விரலால் மேலே தள்ளினார், நின்றது. ஒரு தட்டுத் தட்டினார், இறங்கியது. பாருங்கோ அண்ணை, ஒருக்கா இறங்குது ஒருக்கா நிக்குது, நீங்கள் மூடினாலும் இது மூடாது, உங்கடை தங்கச்சி மன்னாரிலை இருந்துகொண்டே உங்களை விழுத்திப்போட்டா என்றார். எங்கடை பிள்ளையாரெண்டால் முன்னுக்கு வைச்சுக் கும்பிட்டிருப்பம், இப்பிடி எஞ்சினுக்குச் சாப்பாடாத் தீத்தியிருக்க மாட்டம் என்றும் சொல்லிச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அதை வாங்கி உருளையை மேலே தள்ளினார், விட்டார், தள்ளினார், விட்டார். வலது கையால். எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை. அப்ப நான் அண்டைக்கு மூடினனான் என்றார். மகாலிங்கம், மூடாமல் பின்னை என்ன, ஆர் இல்லையெண்டது என்றார்.

நான் புத்தகத்தை மூடிப் பையில் வைத்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் நான்தான் வைத்தேன் என்று அப்பாவுக்குச் சொன்னேன். சீலையைப் பாத்தவுடனை தெரியும், மகாலிங்கத்துக்கு முன்னாலை கேட்டால் அவன் சாகும்வரைக்கும் உன்னை விடமாட்டான், அதுதான் பேசாமல் இருந்தனான் என்றார். கோபம் இல்லையா என்றேன். கோபம் வருமோ தெரியாது, இப்ப வரேல்லை, ஆனால் நீ மண் வைச்சனி எண்டதைத்தான் என்னாலை நம்பேலாமல் கிடக்கு என்று சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சென் தெனி தாண்டும்வரைக்கும் சிரித்தார். அவருடைய முழங்காலுக்கும் மூன்று மாதப் பயத்துக்கும் நான்தான் காரணம் என்பது எனக்குத் தெரியும், அது இலேசில் போகாது. ஆனாலும் பக்கத்தில் இருந்து அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கையில் ஒரு பிழையும் இல்லை, பிள்ளை. இருந்தும் வருகிற கிழமை வைத்தியரிடம் கூட்டிப்போய் முழுதாகப் பார்க்கத்தான் போகிறேன், அவர் மறுத்தாலும்.

காபுரேற்றரை மகாலிங்கம் இன்றைக்கே கழுவிப் பூட்டிவிட்டார், நாளைக்குப் புது வடிகட்டி எடுத்து வைத்திருப்பார், பற்றறியைப் பூட்டி இயக்கிப் பார்ப்பதாக ஏற்பாடு. அப்பா அதை ஓடுவாரா என்பது வேறு விசயம், அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மருமகன் வாங்கிய பழைய காரில் நீயாக ஒன்றையும் திறக்காதே, வைக்காதே, எதையாவது வைக்கத் தோன்றினால் முதலில் புத்தகத்தை வாசி. இரவு வகுப்புக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. எங்களிடம் ஒன்றையும் ஒளிக்காதே என்று சொல்ல இனி எனக்கு முகம் இல்லை, என்றாலும் ஒளிக்காதே. மாதா உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும் என்று எழுத இன்றைக்குக் கை கூசுகிறது, எழுதாமல் விடவும் முடியவில்லை. முக்கியமாக ஒன்று, அற்புதமலர் மாமிக்கு இதை எழுதிவிடாதே. அந்த மண் இருந்தபடியால்தான் முழங்காலோடு போனது என்பாள்.

அன்புடன்,
உன் அம்மா
லூசியா மரியரட்ணம்

ஞாயிறு பின்னேரம்

கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. பூசை முடிந்து பற்றறியைப் பையில் வைத்து எபினேக்குக் கொண்டுபோனோம். நாலாம் உதையில் எஞ்சின் பிடித்தது. ஒரு தெருவைச் சுற்றிவிட்டு ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று போன அப்பா ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் வரவில்லை. மகாலிங்கம் அரை மணித்தியாலத்துக்குப் பிறகு பகிடி விடுவதை நிறுத்திவிட்டார், அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. தேடிப்போகக் கார்ச் சாவியை எடுக்கும்போது சத்தம் கேட்டது. மூக்கும் காதும் சிவந்துபோய் வந்து இறங்கினார். லு பூர்ஜே சந்திக்குப் போனாராம். முதல் தரம் பச்சையாம். சுற்றிக்கொண்டு திரும்பவும் போனாராம், அப்போதும் பச்சையாம். மூன்றாம் தரம்தான் சிவப்பு விழுந்ததாம். மூடினாராம், நின்றதாம்.