நெருப்பில் வந்த தண்ணீர்

நைனா,

இன்று காலை பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்ததும் அதன் அடிப்பக்கம் வேர்த்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தும் போனது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. "பால் பொங்கறதப் பாக்காம அடியில இன்னாடி பாக்கறே?" என்று அம்மா திட்டினாள்.

நம் வீட்டுக்குக் கேஸ் வந்த புதிதில், ஆந்திர எல்லையில் இருக்கும் நம் நகரியில் பகலெல்லாம் தறி ஓட்டிவிட்டு வந்து அந்த நீலச் சுடரையே பார்த்துக்கொண்டிருப்பாய். ஒரு நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து அறிவியல் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"இன்னா எய்திக்கினு கீறே?"

"கேஸ் எரிஞ்சா தண்ணி வரும் நைனா."

"நெருப்புல தண்ணியா? யார்கிட்ட கத உடறே?"

வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே தலை குனிகிறவள் நான். அன்று என்னவோ நோட்டை உன் பக்கம் நகர்த்தினேன். எரியும் முன் இருந்த அணுக்கள் அத்தனையும் எரிந்த பிறகும் இருக்க வேண்டும் என்றேன். கேஸில் இருக்கும் புரோப்பேனில் ஹைட்ரஜன் எட்டு, தண்ணீரில் இரண்டுதான். H₂O-வில் கீழே இருக்கும் அந்தச் சின்ன இரண்டை அழித்து எட்டாக்கிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஏன், இன்னா ஆச்சு?"

"சின்ன நம்பர மாத்தினா அது தண்ணியே இல்ல நைனா, வேற இன்னாவோ ஆயிடும். முன்னாடிதான் நம்பர் போடணும்."

"அப்போ நாலு தண்ணி போடு."

போட்டேன். கார்பன் மூன்று, அதற்கு மூன்று கரியமில வாயு. கடைசியில் ஆக்சிஜன். வலப்பக்கம் பத்து, அது காற்றில் இரண்டிரண்டாகவே இருப்பதால் இடப்பக்கம் ஐந்து. இரண்டு பக்கமும் சரியாக நின்றன.

"நோட்டுல நிக்குது. அடுப்புல காட்டு."

பொய்யாகிவிட்டால் இனி யாரிடமும் வாயைத் திறப்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன். பாத்திரத்தில் குடத்துத் தண்ணீரை ஊற்றினேன். வெளிப்பக்கத்தை நீயே துண்டால் துடைத்தாய். தானாக வேர்க்கிறதா என்று சற்றுப் பொறுத்தும் பார்த்தாய். பிறகு சுடரில் வைத்து உடனே தூக்கினாய். அடியெல்லாம் ஈரம்.

விரலால் தொட்டாய். துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாய். மறுபடியும் ஈரம்.

"ஏய், இங்க வா! நெருப்பு தண்ணி உடுது!"

"பாத்திரம் ஓட்டையா இருக்கும்," என்றாள் அம்மா.

தறி வேலை குறைந்ததும் குவைத்தில் ஒரு சமையல்கூடத்துக்குப் போனாய். அங்கிருந்து போனில் நீ முதலில் சொன்னது: "இங்க பெரிய பெரிய அண்டா கண்ணு. எல்லாத்துக்கும் அடியில வேர்க்குது. பங்களாதேஷ் ஆளுங்களுக்குக்கூடக் காட்டிட்டேன்."

"அவுங்க பாஷ உனக்குத் தெரியுமா நைனா?"

"பாஷ எதுக்கு? அண்டாவத் தூக்கிக் காட்டினேன், வாயப் பொளந்துட்டாங்க."

அங்கேயே உன் நெஞ்சு நின்றுபோனது. நான் பத்தாவதைப் பாதியில் விட்டு, தறிக்கூடத்தில் நூல் சுற்றப் போனேன்.

இன்று லீவு சொல்லியிருக்கிறேன். பத்தாவது பரீட்சையை வெளியிலிருந்து எழுத முடியுமா என்று பள்ளிக்கூடத்தில் கேட்கப் போகிறேன். புதிதாக வந்திருக்கும் தலைமையாசிரியருக்குத் தமிழ் தெரியாதாம். கடைத்தெருவில் ஓடும் என் தெலுங்கு, சார்கள் முன்னால் தொண்டையிலேயே நின்றுவிடும். "இத்தனை நாள் விட்டுவிட்டாயே, உனக்கு என்ன தெரியும்?" என்று அவர் கேட்கலாம்.

கேட்டால், சாக்பீஸ் வாங்கி அந்தக் கேஸ் கணக்கைப் போர்டில் போடுவேன் நைனா. நீ அண்டாவைத் தூக்கிக் காட்டிய மாதிரி.