வலது கையால் ஆடினேன்

அன்பு மகளே,

நீ போனில் ஏற்றித் தந்த மிட்டாய் விளையாட்டை அழித்துவிட்டேன். ஓயாத விளம்பரம், நடுவில் வங்கி அட்டை எண்ணையும் கேட்டது. தேடித் தேடி நானே ஒன்றைப் பிடித்தேன்: நம் ஊர்க் குழியாட்டம் ஓவாரே! நெட் வேண்டாம், எதையும் கேட்காது, குழிகளும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

மூன்று மாதமாக வலது கை விரலாலேயே ஆடினேன். பக்கவாதம் வந்த கைதான், அதற்கும் பயிற்சி வேண்டாமா.

நேற்று குமாசி சந்தையில் நிஜப் பலகையில் உட்கார்ந்தேன். எதிரே ஆட உட்கார்ந்த தையற்காரர் ஒபிரி சிரித்தார்.

"அக்கா, அந்தக் கையால காயை எடுக்க முடியுமா?"

எடுத்தேன். ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொன்றாகப் போட்டேன். மூன்று ஆட்டமும் எனக்கே!

"இன்னொண்ணு போடலாமாக்கா?"

"பின்னால நாலு பேர் நிக்கிறாங்க, வரிசையில வாப்பா."

என்னைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டு வராதே. வருவதானால் விளையாட வா.

தோற்காத,
உன் அம்மா