விஷம் குடித்த பிறகு ஒரு பாட்டு

4-3-1957
புதுக்கோட்டைக்குப் புதுப் படம் வந்திருக்கிறது. கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் வாங்கினேன். கதைச் சுருக்கம் இரண்டு பக்கம். இளம் விதவை, மணக்க முன்வரும் டாக்டர், தடுக்கும் தகப்பனார். அந்த இடத்தில், மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று வழக்கம்போல் நிறுத்திவிட்டார்கள். மீதி என்ன, கல்யாணம்தானே. நம் சினிமாக்காரர்களுக்கும் துணிச்சல் வந்துவிட்டது.

அண்ணன் உடையப்பனுக்கு இதைக் காட்ட வேண்டும். அவர் மகள் முத்தாளுக்கு இருபத்திரண்டு வயது. மாப்பிள்ளை மலாயாவில் காய்ச்சலில் போய் மூன்று வருடமாகிறது. அறந்தாங்கிப் பள்ளிக்கூட ஆசிரியர் ரத்தினவேல் அவளைப் பெண் கேட்டிருக்கிறார். அவளுக்கும் விருப்பம்தான் என்று என் மனைவி சாலா கேட்டுச் சொன்னாள். அண்ணன் பதிலே சொல்லவில்லை. நான் சொன்னால் கேட்காதவர், திரை சொன்னால் கேட்கமாட்டாரா?

6-3-1957
அரிமளம் போய் அண்ணனைப் பார்த்துவந்தேன்.

"தாலியறுத்த பிள்ளையக் கொட்டகைக்குக் கூட்டிப் போறதாடா?"

"பொம்பளைங்க பக்கம் அண்ணியோட உக்காரட்டும்ணே. நல்ல படம். நான் பொறுப்பு."

பார்க்காத படத்துக்குப் பொறுப்பு! பத்திரிகைக்காகக் கலெக்டர் வருகைச் செய்தியோடு அலைந்ததில் ஒரு காட்சிக்கும் போக முடியவில்லை. போகட்டும், எல்லாரும் சேர்ந்தே பார்க்கலாம்.

10-3-1957
பாவிகள். கொன்றுவிட்டார்கள்.

டாக்டர் தாலியோடு ஓடி வருகிறான். அதற்குள் அவள் விஷத்தைக் குடித்தாயிற்று. குடித்தவள் உடனே சாகிறாளா? படி இறங்கி, தூணைப் பிடித்து, ஒரு பாட்டு முழுக்கப் பாடுகிறாள். தகப்பன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறாள். என்ன தப்புச் செய்தாள் அவள்? எழுதியவனை நிறுத்திக் கேட்க வேண்டும். கொட்டகை முழுவதும் மூக்கைச் சிந்துகிறது. ஒரு பெண்ணைச் சாகடித்து, அதைப் பார்த்து அழுவதில் இந்த ஜனங்களுக்கு அப்படி என்ன சுகம்?

வெளியே வந்தால், அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். "நல்ல படம்தாண்டா தம்பி. பொம்பளைன்னா இப்படி இருக்கணும். நீ சொன்னது சரியாப் போச்சு."

அவருக்கு ஆயுதத்தை என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தேனே!

பெண்கள் பக்கத்து வாசல் வழியாக முத்தாள் வந்தாள். அழுத முகமாகத் தெரியவில்லை.

"பாத்தியாத்தா?" என்றார் அண்ணன்.

"பாத்தேன் அப்பச்சி. விஷத்தக் குடிச்சிட்டு எம்புட்டு நேரம் பாடுறா! எனக்கு அம்புட்டுத் தொண்டை இல்ல. நான் ரத்தினவேல் வாத்தியாரக் கட்டிக்கிறேன்."

சோடாக் கடைக்காரன் சிரித்துவிட்டான். அண்ணன் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸை நோக்கி நடந்தார். அண்ணி பின்னால் ஓடினார். முத்தாள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

11-3-1957
படத்தைப் பற்றி எழுதினேன். கொலை என்றே எழுதினேன்.

15-3-1957
பத்திரிகை வந்தது. கொலையை எடுத்துவிட்டு, "சோகரசம் ததும்புகிறது" என்று பத்திரிகை ஆசிரியர் போட்டிருக்கிறார். கீழேயே அந்தக் கொட்டகையின் விளம்பரம். மாற்றி எழுதியதற்கு என் பெயர் எதற்கு?

20-3-1957
அண்ணன் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: "படத்தக் காட்டிக் கெடுத்தவன் அவன்தானே. கல்யாணத்தையும் அவனே நடத்திக்கிடட்டும்."

நடத்துகிறேன். என்ன ஆகிவிடும்?

3-6-1957
குமரமலை முருகன் கோயிலில் கல்யாணம் நடந்தது. கையோடு முத்தாள் அறந்தாங்கிக்குக் குடிபோனாள். அண்ணி வந்தார். அண்ணன் வரவில்லை. பங்காளிகள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வராதவர்கள் எல்லாம் அந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்து அழுதவர்கள்.

18-8-1957
இன்னொரு படம். இதிலும் ஒரு விதவை. இடைவேளையிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

27-10-1957
அண்ணன் வந்தார். ஏழு மாதத்துக்குப் பிறகு. காபியை ஆற்றி ஆற்றிக் குடித்தார். கண்மாயில் தண்ணீர் நிற்பதைப் பற்றிப் பேசினார். பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"அறந்தாங்கியில இப்ப என்ன படம்டா ஓடுது?"

படமா! மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க வாய் வரவில்லை, படம் கேட்கிறார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

"எனக்குத் தெரியாதுண்ணே. அங்கிட்டு இருக்கிறவுககிட்டத்தான் கேக்கணும்."

குடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பஸ்ஸு எத்தனை மணிக்கு?"

சாலா உள்ளே போய் ஒரு டப்பாவில் சீடை போட்டுக்கொண்டு வந்தாள். "முத்தாளுக்குப் பிடிக்கும், கொடுத்திருங்க."

வாங்கிக்கொண்டார்.