பழனிக்குக் கொடுக்காத முடி

ஆகஸ்ட் 4, திங்கள்

மூன்றாவது கீமோ முடிந்தது. புருவமும் போய்விட்டது. "முடி என்ன, மறுபடி மொளைச்சுக்கும், உடு" என்கிறார் வீட்டுக்காரர், தன் வழுக்கையின் மேல் நாலு முடியை இழுத்து ஒட்டவைத்துக்கொண்டே. அந்த நேரத்தில் என் முகத்தை ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

ஆகஸ்ட் 10

தம்பி தர்ஷன் கல்யாணத்தில் நான் இணைச்சீர் செய்யக் கூடாதாம், சொந்தக்காரர்கள் பேச்சு. மாப்பிள்ளையோடு பிறந்தவள் பட்டுடுத்தி, நகை பூட்டி அவன் பக்கத்தில் நிற்கிற சீர். ஒரே அக்கா நான். நோய்க்காரி நின்றால் ஆகாதாம், சித்தி மகள் யுவஸ்ரீ நிற்கட்டுமாம். அம்மாவும் தலையாட்டுகிறாள். நான் என்ன செத்தா போயிட்டேன்? அரக்குப் பட்டு கட்ட வேண்டும். நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும். ஆமாம், அதற்குத்தான்.

ஆகஸ்ட் 17

விக் வைத்துப் பார்த்தேன். ஜவுளிக்கடைப் பொம்மை. கழற்றி வீசினேன்.

ஆகஸ்ட் 21

அம்மா பெண் வீட்டில் போய், "தம்பிக்குப் பொண்ணு அமையோணும்னு எங்க சௌமியா பழனிக்கு மொட்டை போட்டுட்டாளுங்க" என்று அவிழ்த்துவிட்டிருக்கிறாள். அவர்கள் உருகிவிட்டார்களாம். இனி சீர் எனக்குத்தான்! அதே தலை. நோயில் போனால் பீடை, முருகனுக்குப் போனால் புண்ணியம். த்தூ.

ஆனால் பட்டு கட்டலாம் என்றதும் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 29

கல்யாணம் முடிந்தது. அரக்குப் பட்டு, கல் அட்டிகை, மையால் வரைந்த புருவம். நன்றாகத்தான் இருந்தேன். பெண் வீட்டார் என் மொட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். விட்டால் உண்டியல் வைத்திருப்பார்கள்.

பந்தி முடிந்ததும் மணப்பெண்ணின் பெரியம்மா செல்லியம்மாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "உங்க வேண்டுதல் பலிச்சுருச்சுங்கல்ல. எனக்கு மார்ல ஒரு கட்டிங்க. ஆருகிட்டயும் சொல்லுல. நானும் பழனிக்கு முடி குடுத்தா கரைஞ்சுருமுங்களா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நான் பழனிக்கே போகலீங்க. எனக்கும் மார்லதான். ஊசி மருந்துல கொட்டுன முடிங்க இது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க, நான் கூட வாரேன்."

பின்னால் அம்மா நின்றிருந்தாள்.

ஆகஸ்ட் 31

அம்மா பேசுவதில்லை. காதுக்கு நிம்மதி.

செப்டம்பர் 15

பரிசோதனை முடிவு வாங்க, செல்லியம்மாளோடு மறுபடி சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். புற்றுதான். ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள், குணமாக்கலாம் என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அந்தம்மா கேட்டது: "முடி போயிருமுங்களா?"

"போயிருமுங்க."

என் தலையை, இன்று மை எதுவும் தீட்டாத முகத்தை, அவசரமில்லாமல் பார்த்தார். இத்தனை மாதத்தில் யாரும் என்னை அப்படிப் பார்க்கவில்லை.

"பரவால்லீங்க. லட்சணமாத்தான் இருக்குது."

இனி அதே தலையோடு இருக்கப் போகிறவர். என்னிடம் பொய் சொல்லி அவருக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. நம்பிவிட்டேன்.