பத்து நாள் மாத்திரை

என் சரசக்காவுக்கு,

இங்கே பிரிக்பீல்ட்ஸில் காலையிலிருந்து மழை. நேற்று கிள்ளானுக்குப் போய் அத்தானைப் பார்த்துவிட்டு வந்தேன். வழக்கம்போல அலமாரியைத் திறந்து, உன் கடைசி ரத்தச் சோதனைக் காகிதத்தை எடுத்து நீட்டினார். மடிப்பெல்லாம் கிழிந்து டேப் ஒட்டி வைத்திருக்கிறார்.

"பாரு கமலா, தைராய்டு நார்மல்னு போட்டிருக்கு லா. நார்மலா இருந்தவ எப்படிச் செத்தா? அந்த டாக்டர் என்னத்தப் பார்த்தாரு?"

ஆறு வருஷமாக இதே கேள்விதான். மனுஷருக்கு வேறு பேச்சே கிடையாதா? நானும் வழக்கம்போலத் தேத்தண்ணி கலக்க எழுந்து போய்விட்டேன்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டு விரதம் பிடித்தாயே, அதில் தொடங்கியது. நீ தினமும் போடும் தைராய்டு மாத்திரையை மாட்டின் தொண்டையிலிருந்து செய்கிறார்கள் என்று கோயிலில் யாரோ சொன்னார்களாம். "சுத்தபத்தமா இருக்கறப்ப அதை எப்படிடி வாயில வைக்கிறது?" என்று மாத்திரைப் போத்தலை மூடி வைத்தாய். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? பூசம் முடிந்தது, அப்புறம் இன்னொரு விரதம், அதற்கப்புறம் இன்னொன்று. போத்தல் மூடியபடியே கிடந்தது.

உன் முகம் ஊதியது. குரல் கம்மியது. அந்த வெயிலிலும் ஸ்வெட்டர் கேட்டாய். நான், பாவி, "குண்டக்கா" என்று கூப்பிட்டுச் சிரித்தேன்.

சோதனைக்கு ரத்தம் கொடுக்கும் தேதி நெருங்கியதும் பயந்தாய். "மாத்திரை போடலன்னு தெரிஞ்சா டாக்டர் கிழி கிழின்னு கிழிச்சிருவாருடி." அப்போதுதான் நான் என் திருவாயைத் திறந்தேன்.

"பத்து நாளைக்கு ரெண்டு ரெண்டா போட்டுக்கோக்கா. ரத்தத்துல சரியா காட்டிரும். அவருக்கு எப்படித் தெரியப் போவுது?"

பத்து நாள்தானே, முருகன் மன்னிப்பான் என்று போட்டாய். காகிதத்தில் நார்மல் என்று வந்தது. தைராய்டு சரியாக இருக்கிறது, இந்த வீக்கம் உடம்புவாகு என்றார் டாக்டர். நாம் இரண்டு பேரும் பஸ் ஸ்டாப் வரை சிரித்துக்கொண்டே வந்தோம். நீ மறுபடி போத்தலை மூடினாய். அடுத்த மழைக்குச் சளி என்று படுத்தாய்; மாத்திரை இல்லாத உடம்பு அதைத் தாங்கவில்லை, கண் திறக்கவே இல்லை.

இப்போது எனக்கும் தொண்டையில் வீக்கம் அக்கா. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டுகிறேன். மாத்திரை தொழிற்சாலையில் செய்வது, மாடும் இல்லை ஒன்றும் இல்லை என்றார். பத்து நாள் மட்டும் மாத்திரை போட்டு ரத்தச் சோதனையை ஏமாற்ற முடியுமா என்று கேட்டேன். "இப்ப ரத்தத்துல தைராய்டுச் சத்து எவ்வளவுன்னு ஒண்ணு, அதைச் சுரக்கச் சொல்லி மூளை எவ்வளவு கேக்குதுன்னு இன்னொண்ணு, ரெண்டு சோதனை சேர்த்துப் பார்க்கிறோம். மாசக்கணக்கா மாத்திரை விட்டிருந்தா, பத்து நாள் போட்டு ரெண்டாவதை ஏமாத்த முடியாதும்மா." உனக்குப் பார்த்தது ஒன்றே ஒன்றுதானே! அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். ஊசிக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டார்.

அத்தானிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? நீ எழுந்து வரமாட்டாய். அவர் இனி என் முகத்தில் விழிக்கமாட்டார். உன் படம் மாட்டியிருக்கும் வீட்டுக்குள் நான் கால் வைக்க முடியாது. ஆனால் சொல்லாவிட்டால், தப்புச் செய்யாத அந்த டாக்டரைத் திட்டித் திட்டியே அத்தான் காலம் முடிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அவர் காகிதத்தை எடுத்து நீட்டுவார். இந்தத் தடவை தேத்தண்ணி கலக்க எழுந்திருக்கமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

அந்த யோசனையை உனக்குச் சொன்ன தங்கச்சி,
கமலா